கொழும்பில் இருந்தபடி ஊர்காவற்றுறையில் வீடு: உறுதியும் உப்பும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு ஊர்க் காணியில் வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது சதுர அடிக்கு என்ன முடியும் என்பதைத்தான். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள ஊர்காவற்றுறையில் கட்டி முடித்தவர்கள் என்ற வகையில் நாங்கள் சொல்வது, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அங்கே செலவைத் தீர்மானிப்பவை இரண்டு: காணி உறுதி, உப்பு. அத்திவாரம் வெட்ட முன்னரே இரண்டையும் தீர்த்துவிட்டால் மிச்ச வேலை மற்ற ஊர்களில் நடப்பது போலத்தான் நடக்கும்.

பழைய துறைமுக ஊர் என்பதால் காணிகள் சீதனமாகவும் முதுசமாகவும் பல தலைமுறை கைமாறியிருக்கின்றன. கையில் இருக்கும் உறுதியை வாசித்தால் பெரும்பாலும் “பிரிபடாத நாலில் ஒரு பங்கு” என்று இருக்கும். மற்றப் பங்காளிகள் கனடாவிலும் பாரிஸிலும் இருப்பார்கள். அந்தப் பங்கை நம்பி வீடு கட்டக் கூடாது. பிறகு ஒருவர் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின் கீழ் வழக்கு வைத்தால், வீடு நிற்கும் துண்டு உங்களுக்கே வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வழக்கும் வருடக் கணக்கில் இழுக்கும். எல்லோரும் உடன்பட்டுப் பிரிவிடுதல் உறுதி முடிப்பதே வழி. வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்களுக்காகக் கையெழுத்து வைக்க ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும். அதை இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே பதிந்த பிறகுதான் நொத்தாரிசு உறுதி எழுதுவார்.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுவது யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையில். திருமணமான சகோதரி ஒருவர் தன் பங்கைக் கைமாற்றுவதானால், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். சொந்தச் சீதனக் காணி என்றாலும் அப்படித்தான். “அக்கா கையெழுத்து வைத்தாச்சு” என்று ஆறுதலாக இருந்துவிடாமல் அத்தானின் கையெழுத்தையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். பங்கொன்றை விலைக்கு வாங்குவதானால் மற்றப் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. அதற்கு 1947 ஆம் ஆண்டில் தனிக் கட்டளைச் சட்டமே வந்தது. முறையாக அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால் அந்த உறுதியை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தலாம்.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டுக்காணிக் கணக்கில் 18 குழி 1 பரப்பு. 1 பரப்பு 10 பேர்ச், அதாவது ஏறக்குறைய 2,722 சதுர அடி. நெற்காணிப் பரப்பு வேறு கணக்கு, அதோடு குழப்ப வேண்டாம். பழைய உறுதிகளில் எல்லை என்று எழுதியிருக்கும் வேலியும் கதியாலும் இப்போது இருக்காது. ஆகவே அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து, எல்லைக்கல் போட்டு, அயலவர் பார்க்கும்படி வைத்துவிடுங்கள். காணிப் பதிவகத்தில் 30 வருடம் பின்னோக்கித் தேடிப் பார்ப்பது வங்கிக் கடன் எடுக்காதவர்களுக்கும் நல்லது.

அனுமதி பிரதேச சபையில். உறுதிப் பிரதி, நில அளவைப் படம், வீட்டுப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ் எல்லாம் போக வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்பார். இவை எல்லா ஊரிலும் உள்ளவை. ஊர்காவற்றுறையில் மேலதிகமாக இரண்டு உண்டு. கடலின் உயர்நீர்க் கோட்டில் இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை, 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி கரையோர வலயம். அதற்குள் கட்டுவதானால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. அடுத்தது தொல்பொருள் திணைக்களம். கரையில் போர்த்துக்கேயர் கோட்டையின் இடிபாடும் எதிரே கடலுக்குள் கடற்கோட்டையும் இருக்கும் ஊர் இது. காணிக்குக் கிட்டப் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஏதும் இருந்தால் படம் கீற முன்னரே எழுத்தில் கேட்டுப் பதிலை எடுத்து வைத்திருங்கள். அத்திவாரம் வெட்டிய பிறகு வரும் கடிதம் வேலையை அப்படியே நிறுத்திவிடும். மேசன்மார் அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைத் திரும்பப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

இனி உப்பு. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுப்பதானால் ஆவணி, புரட்டாதியில் எடுங்கள். மாரி முடிந்த கையோடு தை மாதத்தில் எடுத்தால் மழைநீர் மேலே நிற்கும், எந்தக் கிணறும் நல்ல தண்ணிக் கிணறு போலத்தான் தெரியும். கோடையில் அதே கிணறு உவராகிவிடும். சுண்ணக்கல் தரையில் நன்னீர் கடல்நீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. பெரிய மோட்டர் போட்டு இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். குதிரைவலு குறைந்த மோட்டரால் சிறிது சிறிதாக இறைத்துத் தாங்கியில் சேர்ப்பதே சரி.

கொங்கிறீற்றுக்குக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தலாமா என்பது குளோரைட் அளவில் இருக்கிறது. கம்பி போட்ட கொங்கிறீற்றுக்கு இந்தியத் தரம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். அதைத் தாண்டினால் பவுசர் தண்ணீர்தான். குளோரைட் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய இரும்பு பருத்து, மூடியிருக்கும் கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும். தீவுப்பகுதியில் பிளாட்டின் (கொங்கிறீற்றுத் தட்டின்) அடியில் கம்பி தெரியத் தொங்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பலதுக்கும் காரணம் உப்பு மணல், உப்புத் தண்ணி, கம்பிக்கு வெளியே போதாத மூடல், அதாவது கம்பியை மூடும் கொங்கிறீற்றின் தடிப்புக் குறைவு.

தண்ணீர்க் கணக்கு இது. 1,000 சதுர அடிப் பிளாட், 5 அங்குலத் தடிப்பு என்றால் கொங்கிறீற் 417 கன அடி, நாலு கியூப்புக்கு (1 கியூப் 100 கன அடி) கொஞ்சம் மேல். 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கலவையில் ஒரு கியூப்புக்கு ஏறக்குறைய 18 பை சீமெந்து; மொத்தம் 75 பை. பைக்கு 25 லீற்றர் என்றால் கலவைக்கு மட்டும் 1,900 லீற்றர் நல்ல தண்ணீர். நனைத்துவிடும் தண்ணீர் இதில் சேரவில்லை. கடலுக்குக் கிட்ட 1:1½:3 கலவை போடுவதே எங்கள் முடிவு. அதற்கு ஒரு கியூப்புக்கு 23 பை போகும். கம்பிக்கு வெளியே 40 மில்லிமீற்றர் மூடல் விடுங்கள். மூடலுக்குச் சீமெந்துக் கட்டியை முதலே வார்த்து வையுங்கள். கல்லுத் துண்டை முட்டுக் கொடுப்பதை மேசன் விரும்பினாலும் விடாதீர்கள், கொங்கிறீற் கொட்டும்போது அது விலகிவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மேற்பரப்பு சில மணித்தியாலத்திலேயே காய்ந்து வெடிக்கும். கொட்டிய அன்றே ஈரச்சாக்குப் போட்டு மூடி, குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும். கம்பியைக் கட்டைக்கு மேல் அடுக்கி, மூடி வையுங்கள். வெளியில் கிடந்த கம்பியானால் கட்ட முன்னர் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

மணல் லொறி வந்ததும் கொண்டுவருவதற்கான அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். பிறகு ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல், மேலே தண்ணீர் விட்டுக் குலுக்கி 3 மணித்தியாலம் வைத்தால் சேறு மேலே படியும். மணல் உயரத்தில் பத்தில் ஒன்றுக்குக் கிட்டச் சேறு நின்றால் அந்த லொறியைத் திருப்பி அனுப்பலாம். உப்பா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பது பழைய முறை. உப்பு அதிகம் என்றால் அதிலேயே தெரியும். முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை, யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

சீமெந்துக் கல்லைக் காணியிலேயே அரிந்தால் மணலும் தண்ணீரும் உங்கள் கண்காணிப்பில் இருக்கும். கூட்டோடு சேர்த்து 16 அங்குலம் 8 அங்குலம் வரும் கல்லில் 100 சதுர அடிச் சுவருக்கு 113 கல். உடைவுக்கு ஐந்தாறு கூட்டுங்கள். அரிந்த கல்லை இரண்டு கிழமையாவது நனைத்து ஆறவிடாமல் கட்டினால் சுவரில் மயிர்வெடிப்பு வரும். அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடைப் படை சுவரின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். உள்பூச்சு அதைத் தாண்டிக் கீழே இறங்கினால் உவர் ஏறி, பெயின்ற் பொருக்குப் பொருக்காக உதிரும்.

காணியில் பழைய சுண்ணாம்புச் சுவர் நின்றால் இடிக்க அவசரப்பட வேண்டாம். ஒன்றரை அடி தடிப்புள்ள அந்தச் சுவர் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். ஆனால் அதன்மேல் சீமெந்துப் பூச்சு ஆகாது. ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே தங்கி, பூச்சைத் தள்ளிவிடும். சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்துப் பூசும் மேசன் இப்போது குறைவு. தேடிப் பிடியுங்கள்.

மலக்குழிக்கு அடி திறந்த கிடங்கு வேண்டாம். சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் அழுக்கு நேரே கிணற்றுக்குப் போகும். அடியும் பக்கமும் மூடிய, இரண்டு அறையுள்ள தாங்கி கட்டுங்கள். கிணற்றில் இருந்து 50 அடி என்பது குறைந்தபட்சம். உங்கள் கிணற்றோடு அயலாரின் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். குடிக்க மழைநீர்தான் நல்லது. 1,000 சதுர அடிக் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் கழிவு போக 70 லீற்றருக்கு மேல் சேரும். நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லீற்றர் என்றால் 200 நாள் வறட்சிக்கு 8,000 லீற்றர்த் தாங்கி போதும். முதல் மழையை வெளியே விட ஒரு திருகு வையுங்கள். இவை படத்திலேயே இருந்தால் பீலியும் குழாயும் சரியான பக்கம் விழும்.

கூரைக்கு ஓடு. தகரம் கடற்காற்றில் ஆணி அடித்த இடத்தில் இருந்து அரிக்கத் தொடங்கும். வைரம் பாய்ந்த பனையில் வளையும் சிலாகையும் எடுப்பதானால், பனை தறிக்கவும் ஏற்றவும் பிரதேச செயலகத்தில் அனுமதி வேண்டும். பிணைச்சல், கொண்டி எல்லாம் பித்தளையில் வாங்குங்கள். கொழும்பில் இருந்து ஏற்ற வேண்டியவை இந்தச் சில்லறைச் சாமான்களும் வயரிங் சாமான்களும்தான். பழைய சோனகத் தெருவில் தெரிவு அதிகம். சீமெந்தும் கம்பியும் யாழ்ப்பாணத்திலேயே எடுக்கலாம்.

தை, மாசியில் அத்திவாரம் போட்டால் ஐப்பசி மழைக்கு முன்னர் கூரை ஏறிவிடும். வாஸ்து நாளும் அந்த மாதங்களில் உண்டு, ஐயருக்கும் மேசனுக்கும் சண்டை வராது. கொந்தராத்தைக் கூலிக்கு மட்டும் கொடுத்து, காசைக் கட்டம் கட்டமாக விடுங்கள்: அத்திவாரம், நிலை, லின்டல், கூரை, பூச்சு. மொத்தத்தில் 10 வீதத்தை ஒரு மாரி முடியும்வரை பிடித்து வைக்கலாம் என்று முதலே எழுதிக்கொள்ளுங்கள். ஒழுக்கு முதல் மாரியில்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் படம் கேட்கும்போது அளவு நாடாவைக் கம்பியில் பிடித்தபடி எடுக்கச் சொல்லுங்கள். கொங்கிறீற் கொட்டும் நாளுக்கு மட்டும் இரவு பஸ் பிடித்து நேரே போய் நில்லுங்கள். குடிபுகுவதற்கு முன்னர் பிரதேச சபையில் இணக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அனுமதித்த படத்துக்கு மேலதிகமாக ஒரு விறாந்தை நீட்டியிருந்தாலும் திருத்திய படம் கேட்பார்கள்.