கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக் காணியை மீட்டெடுத்த விதம்

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டனர். வழியில் நடந்த சோதனையில் எங்கள் நகைகளோடு சோனகத் தெரு வீட்டின் உறுதிப் பத்திரமும் பறிபோனது. வட மாகாணத்திலிருந்து அக்காலத்தில் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் புத்தளத்தில் தஞ்சமடைய, நாங்கள் கொழும்பு மாளிகாவத்தைக்கு வந்து சேர்ந்தோம். அந்தக் காணியை மீட்ட நடைமுறை, இன்னும் அதைத் தொடங்காதவர்களுக்குப் பயன்படக்கூடும்.

உறுதி போனால் காணியும் போயிற்று என்றே வாப்பா இறுதிவரை நம்பியிருந்தார். ஆனால் நொத்தாரிசு தாம் எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்கலாம். எங்களுக்கு அவ்விரண்டுமே தெரியாது. புத்தளத்தில் வாழ்ந்த பெரியம்மா காணியின் பெயரையும் எல்லைக்காரர்களின் பெயர்களையும் நினைவிலிருந்து சொன்னதால்தான் பழைய பதிவேடுகளில் தேட முடிந்தது. இத்தகைய முதியவர்களிடமே முதலில் போக வேண்டும். அலுவலகத்துக்கு அப்புறம் போகலாம்.

அதைவிடக் கடினமாக இருந்தது வதிவிடக் கேள்வி. பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வாக்காளர் இடாப்பு தேவைப்பட்டதால் எங்கள் பெயர்களைக் கொழும்பில் பதிந்திருந்தோம். அந்த இடாப்பைக் காட்டியே, "நீங்கள் கொழும்பு ஆட்கள்தானே" என்று ஓர் அலுவலர் கேட்டார். யுத்த காலத்தில் கொழும்புச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையிலிருந்த பிறந்த இடத்தைப் பார்த்து எங்களை யாழ்ப்பாணத்தார் என்று நிறுத்திவைத்ததை அவரிடம் சொல்லிப் பயனில்லை.

வீட்டில் இருந்தவர்கள் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம். உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் காணியைத் தன்வசம் வைத்திருந்தவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது ஆட்சியுரிமைச் சட்டம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, காணியை அணுக முடியாதிருந்தவர்களுக்கு எதிராகக் கணக்கிடக்கூடாது என்று 2016இன் 5ஆம் இலக்க விசேட சட்டம் ஏற்பாடு செய்தது. நாங்கள் வழக்குக்குப் போகவில்லை. 2017இல் வலிகாமம் வடக்கிலுள்ள மயிலிட்டியின் ஒரு பகுதியை இராணுவம் விடுவித்தபோது அவர்கள் தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களை வெளியேற்றுவதற்கு எனக்கு மனம் இடந்தந்திருக்குமா என்பது வேறு விடயம்.

இதற்கிடையில் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி வாப்பாவின் காணி கொழும்பிலும் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் சிதறியிருந்த எங்கள் அனைவருக்கும் பங்காகியிருந்தது. ஒவ்வொருவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் கையொப்பமும் வேண்டியிருந்தன. 2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்தபோது எங்கள் தெருவில் பலர் கடனுக்காகவும் பெண் பிள்ளைகளின் திருமணத்துக்காகவும் கிடைத்த விலைக்கு வீடுகளை விற்றதற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம் என நினைக்கிறேன்.

காணி கிடைத்தாலும் தொழில் கிடைக்கவில்லை. வாப்பாவின் இரும்புக் கடை கொழும்பு பழைய சோனகத் தெரு மொத்த வியாபாரிகளின் கடனிலும், யாழ்ப்பாணத்து மேசன்மாரின் தவணைக் கணக்கிலும் ஓடியது. வெளியேற்றத்தின் பின் அதே தெருவில் அவர் சம்பளத்துக்கு நின்றார். பொருளை நம்பிக் கொடுத்தவர்கள் காலமாகிவிட்டனர். வாங்கியவர்கள் வேறு கடைகளுக்குப் பழகிவிட்டனர். அந்த நம்பிக்கைக் கணக்கை எந்தப் பதிவகமும் வைத்திருக்கவில்லை. எந்த மீள்குடியேற்ற விண்ணப்பத்திலும் அதற்கு நிரல் இல்லை.

இறுதியில் எங்கள் பங்குகளைப் புத்தளத்தில் இருந்த தம்பிக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்தோம். அவர் முன்னறையில் சிறிய தையற்கடை வைத்திருக்கிறார். பிள்ளைகளின் படிப்பு முடியும்வரை குடும்பம் புத்தளத்திலேயே இருக்கிறது.