குழாய் ஏற்கெனவே மண்ணுக்குள்தானே இருக்கிறது

"புதுசா எதுவும் போடப்போறதில்லை, குழாய் ஏற்கெனவே மண்ணுக்குள்தானே இருக்கிறது, பெர்மிட்டெல்லாம் ஆறு மாசத்தில் முடிந்துவிடும்." முதல் மீட்டிங்கில் எங்கள் மேனேஜர் இப்படித்தான் ஆரம்பித்தார். நானும் தலையாட்டினேன். அதற்கு முன் நான் பார்த்ததெல்லாம் புதுக் குழாய் பதிக்கும் வேலைகள். ஒவ்வொரு ஓடையாக இறங்கி அளந்து, ஒவ்வொரு சதுப்புக்கும் வரைபடம் போட்டு நொந்துபோயிருந்த எனக்கு, இருக்கிற குழாயில் ஓடுகிற சரக்கை மட்டும் மாற்றுகிற வேலை என்றதும் பாதி லீவு கிடைத்த மாதிரி இருந்தது.

இடம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், 2016 வாக்கில். சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் இருந்தேன். கம்பெனி பெயரும் லைன் பெயரும் இங்கே வேண்டாம். 1950களில் பதித்த 24 அங்குல இயற்கை எரிவாயுக் குழாய் ஒன்று. அதில் கேஸை நிறுத்திவிட்டு ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் கலந்த திரவத்தை அனுப்பவேண்டும். ஒஹாயோ, பென்சில்வேனியா பக்கம் பாறை எரிவாயு கிளம்பியதிலிருந்து இந்தத் திரவம் வடக்கில் தேங்கிக் கிடந்தது, வாங்குகிற ரசாயன ஆலைகளெல்லாம் தெற்கே மெக்சிகோ வளைகுடா ஓரத்தில். நடுவில் கென்டக்கி.

குழாயின் சரக்கை மாற்றுவது புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்ததால் டெக்சஸிலிருந்து கிழக்குக் கரைக்கு அவசர அவசரமாக இரண்டு பெரிய குழாய்கள் போட்டார்கள், பிக் இன்ச், லிட்டில் பிக் இன்ச் என்று. போர் முடிந்து 1947இல் அவற்றை ஏலத்தில் விற்று, எண்ணெய் போன குழாயில் கேஸ் விட்டார்கள். சின்னதை 1950களின் கடைசியில் மறுபடி எண்ணெய்ப் பொருட்களுக்கே திருப்பினார்கள். அப்போது யாரும் யாரிடமும் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கவில்லை, கேட்கச் சட்டமும் இல்லை.

இப்போது நடைமுறை விசித்திரமானது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் கேஸ் குழாய்க்கு எஜமான் ஃபெர்க் என்கிற மத்திய ஆணையம். அதில் கேஸை நிறுத்தவேண்டுமானால், 1938ஆம் வருஷத்து இயற்கை எரிவாயுச் சட்டத்தின் கீழ் 'கைவிடுகிறேன்' என்று மனுப்போடவேண்டும். குழாய் இருந்த இடத்திலேயே இருக்கும், பேப்பரில் மட்டும் கைவிட்டதாக ஆகும். அந்த மனு தேறியதும் ஃபெர்க் விலகிக்கொள்ளும், ஏனென்றால் திரவக் குழாயின் பாதை அவர்கள் அதிகாரத்தில் வராது. பாதுகாப்பு விதிகளைப் பார்க்க வேறொரு மத்தியத் துறை உண்டு; பழைய சரித்திரத்தைப் புரட்டிப் பார், தடம் முழுக்க நடந்து பார், பழுதைச் சரிசெய், அழுத்தம் கொடுத்துச் சோதனை செய் என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் இந்தக் குழாய் இந்தத் தோட்டத்துக்கு அடியில் இந்தச் சரக்கோடு போகலாமா என்று முழுசாக உட்கார்ந்து கேட்க ஒரு மேஜையும் இல்லை. மிச்சம் இருப்பது மாநில அலுவலகங்கள். அவர்களிடமும் அந்தக் கேள்விக்கு ஃபாரம் கிடையாது, தண்ணீர் எடுக்க ஒன்று, தண்ணீர் விட ஒன்று, வெள்ளப் பகுதியில் கட்ட ஒன்று, ஓடையைத் தோண்ட ஒன்று என்று துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஓடையின் அகலம் எழுதப் பெட்டி உண்டு, வெட்டப்போகும் மரத்துக்குப் பெட்டி உண்டு, குழாய்க்குள் என்ன ஓடும் என்று எழுத ஒரு பெட்டி இல்லை. இதை நான் கவனிக்கவே ஒரு வருஷம் ஆனது.

முதல் அடி எனக்கு விழுந்தது தண்ணீரில். குழாயைச் சோதிக்க அதில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பல மணி நேரம் வைத்திருப்பார்கள். 24 அங்குலக் குழாயில் பத்து மைலுக்குச் சுமார் 44 லட்சம் லிட்டர் பிடிக்கும். கென்டக்கியில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலனுக்கு மேல் ஆற்றில் எடுத்தால் அனுமதி வேண்டும், அது சுலபமாகவே நடந்தது. சோதனை முடிந்த தண்ணீரைத் திரும்ப விடுவதற்கான விண்ணப்பத்தில்தான் கோட்டை விட்டேன். போன புராஜெக்டின் ஃபைலைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, அனுப்பிவிட்டேன். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. கலந்திருக்கக்கூடிய மாசுகள் என்ற இடத்தில் மண், துரு, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு என்று இருந்தது. புதுக் குழாய்க்கு அது சரி.

பத்து நாளில் மாநில அலுவலகத்திலிருந்து போன். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த ஒரு அம்மா, குரலை உயர்த்தவே மாட்டார். "இந்தக் குழாய் எந்த வருஷத்தது?" என்றார். சொன்னேன். "அந்தக் காலத்தில் கம்ப்ரசருக்கு என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று விசாரித்தீர்களா?" நான் வாயைத் திறக்கவில்லை. அவரே சொன்னார், பிசிபி என்கிற நச்சு ரசாயனம். 1970கள் வரை சில கேஸ் கம்பெனிகளின் கம்ப்ரசர் எண்ணெயில் அது இருந்தது, 1979இல் தயாரிப்பையே தடைசெய்தார்கள், ஆனால் கேஸோடு சேர்ந்து போய்க் குழாயின் தாழ்வான இடங்களில் படிந்தது படிந்ததுதான். அதைத்தான் நான் 44 லட்சம் லிட்டர் தண்ணீரால் கழுவி ஓடையில் விடுகிறேன் என்று கையெழுத்துப்போட்டுக் கேட்டிருந்தேன்.

அப்புறம் குழாயைச் சுத்தம் செய்யும் பிக்கை உள்ளே அனுப்பினார்கள். பிக் என்றால் குழாயின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்துகிற, பின்னாலிருந்து கேஸ் தள்ளத் தள்ள உள்ளே சுரண்டிக்கொண்டு போகிற ஒரு அடைப்பான். மறுமுனையில் அது வந்து விழும்போது நான் நின்றிருந்தேன். அதன் முன்னால் ஒரு குவியல், அடுப்புக்கரியை இடித்து நல்லெண்ணெயில் குழைத்தால் எப்படி இருக்குமோ அப்படி, கையுறையில் பட்டது கடைசி வரை போகவில்லை. நாலு கண்ணாடி ஜாடியில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்பினோம். முடிவில் பிசிபி இருந்தது. அளவு பயங்கரமானதில்லை, ஆனால் ஓடையில் விடமுடியாத அளவு. ஆக எல்லாத் தண்ணீரையும் தொட்டிகளில் பிடித்து, கார்பன் வடிகட்டியில் ஓட்டி, சோதித்து அப்புறம்தான் விடமுடியும். ஒரு தொட்டி 500 பீப்பாய் பிடிக்கும், பத்து மைலுக்கு 55 தொட்டி. அவை நிற்க இடம், லாரி வந்துபோக வழி, அந்த வழிக்கு ஜல்லி, ஜல்லி போட்டால் வடிகால், அதற்கு இன்னொரு பெர்மிட். மேனேஜர் அந்த 55 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வௌவால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இண்டியானா வௌவால் கோடையில் மரப்பட்டைக்கு அடியில் குட்டிபோடும் என்பதால் மரம் வெட்டுவதெல்லாம் குளிர்காலத்தில்தான். பெர்மிட் மார்ச் கடைசியில் கைக்கு வந்தால் நவம்பர் வரை கோடாலி எடுக்கமுடியாது. அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு வரி எங்கள் அட்டவணையை இரண்டு முறை கவிழ்த்தது.

அப்புறம் கூட்டம். நம் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்பார்களே, அதுதான், ஒரு பள்ளிக்கூடத்து உள்விளையாட்டரங்கில் நடந்தது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே அதிகாரிகள், பக்கத்தில் போஸ்டர்களோடு நாங்கள், ஆளுக்கு மூன்று நிமிஷம். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதில் முன்பே பயிற்சி உண்டு. 2013இல் புளூகிராஸ் பைப்லைன் என்று ஒன்று வந்தபோது லொரெட்டோ மடத்துக் கன்னியாஸ்திரீகளே நிலத்தை அளக்க விடமாட்டோம் என்று நின்றார்கள். அதற்கு நிலத்தைக் கட்டாயமாக எடுக்கும் உரிமை இல்லை என்று 2014இல் கீழ்க்கோர்ட்டும் 2015இல் மேல்முறையீட்டுக் கோர்ட்டும் சொல்லிவிட்டன. அதிலும் ஒரு பகுதி பழைய கேஸ் குழாயை மாற்றுவதாகத்தான் இருந்தது. எங்களோடு அதே காலத்தில் கிண்டர் மோர்கன் கம்பெனியும் 964 மைல் பழைய டென்னசி கேஸ் குழாயை இப்படி மாற்ற மனுப்போட்டிருந்தது. அதனால் அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகச் சட்டம் தெரிந்திருந்தது.

பலரும் கோபமாகப் பேசினார்கள், கோபத்துக்கு என்னால் பதில் எழுதமுடியும். எழுபதைத் தாண்டிய ஒரு விவசாயி கோபப்படாமல் பேசினார், அதுதான் மனசில் மாட்டிக்கொண்டது. மாடும் புகையிலையும் வைத்திருப்பவர். தாத்தா எழுதிக்கொடுத்த நிலப் பத்திரத்தின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். "இதில் கேஸ் என்று எழுதியிருக்கிறது. கேஸ் கசிந்தால் மேலே போய்விடும், அறுபது வருஷமாக அதோடு இருக்கிறோம். நீங்கள் அனுப்பப்போவது கசிந்தால் எங்கே போகும்?"

எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். புரொப்பேனும் பியூட்டேனும் ஆவியானாலும் காற்றைவிடக் கனம், தாழ்ந்த இடம் தேடிப் படுக்கும். அவர் நிலத்திலோ பள்ளங்கள்தான். கென்டக்கியில் பாதிக்கும் மேல் சுண்ணாம்புப் பாறை மாதிரி நீர் அரிக்கும் பாறை, உள்ளே குகையும் ஓட்டையுமாக இருக்கும், உலகத்தின் மிக நீளமான மாமத் குகையே அங்கேதான் இருக்கிறது. ஆனால் கேள்விகளுக்கெல்லாம் நான் தயாரித்த பதில் தாளில் இந்தக் கேள்விக்கு எதிரே 'இது இந்த அனுமதியின் வரம்புக்குள் வராது' என்று இருந்தது. சட்டப்படி சரியான வாக்கியம். அந்த வாக்கியத்தை அந்த ஒரு ஆவணத்தில் மட்டும் பதினேழு இடத்தில் ஒட்டியிருந்தேன், அன்றைக்கு ராத்திரி எண்ணிப்பார்த்தேன்.

ஈரோட்டில் இருக்கும் அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். அவருக்கு இந்த விஷயம் புதுசில்லை, 2013இல் கெயில் குழாய் கொங்குப் பக்கம் ஏழு மாவட்டத்து வயல்களில் போகிறது என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்ததையும், 2016இல் சுப்ரீம் கோர்ட் குழாய் பக்கம் தீர்ப்பு சொன்னதையும் பார்த்தவர். "அந்தப் பெரியவரு கேக்கறது நாயந்தானப்பா," என்றார். கொஞ்சம் விட்டு, "நீ எந்தப் பக்கம் உக்காந்திருந்தே?" என்றார்.

விவசாயியின் கேள்வி எங்கள் ஃபாரத்துக்குள் நுழைந்தது வேறு வழியில். அவர் நிலத்திலிருந்து ஒரு மேட்டுக்கு அந்தப்பக்கம் பம்ப் ஸ்டேஷன் வருவதாக இருந்தது. அங்கே மழைத்தண்ணீர் எங்கே வடியும் என்று ஒரு பெட்டி உண்டு. கிழக்கே உள்ள ஓடைக்கு என்று எழுதியிருந்தோம், மேல்தரை சாய்வு அப்படித்தான் இருந்தது. போனில் பேசிய அதே அம்மா, "கீழ்த்தரை என்ன சொல்கிறது?" என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பினார். சாயம் விட்டுப் பார்க்கவேண்டியதாயிற்று. அந்த இடத்துப் பள்ளத்தில் ஃப்ளோரசின் என்ற பச்சைச் சாயத்தைத் தண்ணீரோடு ஊற்றி, சுற்றுவட்டாரத்து ஊற்றுகளில் எல்லாம் கரித்துண்டு போட்ட சின்ன வலைப்பைகளைக் கட்டித் தொங்கவிட்டு, எந்தப் பையில் சாயம் ஏறுகிறது என்று லேபில் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் ஊற்றவேண்டும். எங்கள் ஆள் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை விவசாயி கூப்பிட்டார். போனேன். தாத்தா காலத்துக் கல் கட்டிய ஊற்று, அதிலிருந்து குழாய் வழியாக மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர். தொட்டி முழுக்கப் பச்சை, ஏதோ திருவிழாக் கடைச் சர்பத் மாதிரி. மேற்கே, மேட்டுக்கு இந்தப்பக்கம். ஒரு மாடு தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குடித்தது. விஷமில்லை, விஷமில்லை என்று நான் நாலு தடவை சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "நான் கேட்டேனே, எங்கே போகும் என்று. இப்போது இரண்டு பேருக்கும் தெரியும்."

பம்ப் ஸ்டேஷன் இடம் மாறியது. மாறியதால் பாதி விண்ணப்பம் முதலிலிருந்து. குழாய் ஓடைகளைக் கடக்கும் இடங்களுக்கு வேண்டிய 401 சான்றிதழில் (1972ஆம் வருஷத்து மத்திய நீர்ச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்திருக்கும் வீட்டோ மாதிரியான அதிகாரம் இது) மாநிலம் ஒரு வருஷத்துக்குள் பதில் சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் உரிமை போய்விடும். அதற்கு அப்போது எல்லோரும் செய்த தந்திரம், கெடு முடிவதற்குள் விண்ணப்பதாரரே வாபஸ் வாங்கி அதே நாளில் அதையே மறுபடி போடுவது. ஒரே பக்கக் கடிதம். மாநிலத்துக்கு நேரம் கிடைக்கும், கம்பெனிக்கு மறுப்பு கிடைக்காது. நானும் டைப் செய்திருக்கிறேன். கிளாமத் நதி அணைகளுக்கு இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டியதைப் பார்த்து 2019இல் ஹூப்பா பழங்குடியினர் வழக்கில் கோர்ட் இதை நிறுத்தியது. எங்கள் ஃபைலுக்கு அந்தத் தீர்ப்பு தேவைப்படவில்லை. சரக்கு அனுப்புகிறவர்கள் போதுமான அளவு ஒப்பந்தம் போடவில்லை என்று லைன்காரர்கள் அதற்கு முன்பே கைகழுவிவிட்டார்கள். கிண்டர் மோர்கனும் 2017இல் ஃபெர்க் அனுமதி கிடைத்தும் அடுத்த வருஷமே விட்டுவிட்டது. வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை. கடைசி வாபஸ் கடிதத்தில் 'மறுபடி சமர்ப்பிக்கிறேன்' என்ற வரியை எடுக்க மட்டும் எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

வலைப்பைகளை எடுத்துவரப் போனேன். விவசாயி அவற்றை ஏற்கெனவே கழற்றிக் கழுவி வேலிக்கம்பியில் காயப்போட்டிருந்தார்.

"அப்போ பழையபடி கேஸ்தான் ஓடுமா?"

"ஓடும்."

"கசிந்தால் வாசம் வரும்தானே?"

"வராது. இந்த மாதிரி பெரிய லைனில் பெரும்பாலும் வாசம் சேர்க்கமாட்டார்கள். சீறுகிற சத்தம் கேட்டால், இல்லை, காரணமில்லாமல் ஒரு இடத்தில் மட்டும் புல் காய்ந்தால், கூப்பிடுங்கள்."

"அறுபது வருஷமாக யாரும் இதைச் சொல்லவில்லையே," என்றார். யாரைக் கூப்பிட என்று கேட்டார். வேலியோரம் குழாய் போகும் இடத்தில் மஞ்சள் கம்பம் நட்டிருப்பார்கள், அதில் நம்பர் இருக்கும். தேடினோம். காட்டுக்கொடி முழுக்க ஏறி மூடியிருந்தது. நான் ஒரு பக்கம் இழுக்க, அவர் கத்தியால் மறுபக்கம் அறுக்க, வெயிலில் வெளுத்த ஸ்டிக்கரில் கடைசி இரண்டு எண் மட்டும் தெரிந்தது. மீதியை ஆபீசுக்குப் போய்ப் பார்த்து அவருக்குப் போனில் சொன்னேன்.