இரண்டாவதாக வருகிற வண்டி

ஏற்காடு அடிவாரத்தில், வழியில் மாட்டிக்கொண்ட காரைக் கட்டி இழுக்கிற ரெக்கவரி வண்டி ஓட்டுகிறேன். மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. மழை பிடித்தால் போன் அடிக்கும். பெரும்பாலும் வெளியூர் கார், இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தே வந்து கருக்கியிருப்பார்கள்.

2014 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. ஒர்க்‌ஷாப்காரர் மகனுக்குக் கார் பந்தயம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். டிவியில் ஜப்பானின் சுசுகாவில் நடந்த ஃபார்முலா ஒன் ரேஸ், அங்கேயும் மழை. 42வது சுற்றில் ஒரு கார் வளைவில் வழுக்கித் தடுப்பில் மோதியது. அதைத் தூக்கக் கிரேன் வந்தது. அடுத்த சுற்றில் அதே வளைவில் ஜூல்ஸ் பியாங்கி என்கிற இன்னொரு டிரைவரும் வழுக்கி, அந்தக் கிரேனுக்கு அடியிலேயே போய்ச் செருகிவிட்டார். மோதியதை டிவியில் காட்டவில்லை. பந்தயத்தை நிறுத்தச் சொல்லும் சிவப்புக் கொடி மட்டும் வந்தது. 53 சுற்று ஓட வேண்டிய பந்தயம். 44 சுற்றுக் கணக்கில் ஹாமில்டன் ஜெயித்ததாக முடித்தார்கள். பியாங்கி நினைவு திரும்பாமலே 2015 ஜூலையில் போய்விட்டார்.

213 கி.மீ. வேகத்தில் தடம் விலகி 126ல் மோதினாராம். ஆபத்து, மெதுவாகப் போ என்று இரட்டை மஞ்சள் கொடி ஆட்டியும் வேகத்தைப் போதிய அளவு குறைக்கவில்லை என்றது விசாரணை. ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் ஓட்டியவரைப் பற்றியே பேசினார்கள். எனக்கென்னவோ கிரேன் பக்கம் நின்றவர்கள் நினைப்புதான்.

ஏனென்றால் முந்தின மழைக்காலத்தில் நானும் அப்படி நின்றிருக்கிறேன். சாக்கடையில் இறங்கிய காருக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு மேலே தழை ஒடித்துப் போட்டு, சிவப்புத் துண்டோடு என் உதவியாள் பையனை நிறுத்தியிருந்தேன். பெல்ட் முறுக்கிக்கொண்டது. "தம்பி, ஒரு கை பிடி, வா" என்று நான்தான் கூப்பிட்டேன். அவன் இறங்கி வந்த அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு வேன் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே வந்து என் வண்டியின் பின்பக்கம் மோதியது. பையன் சுவர் மேல் தாவிவிட்டான். என் இடது கட்டைவிரல் மட்டும் கொக்கிக்கும் பம்பருக்கும் நடுவில். நகம் இன்னும் கோணல்தான்.

சுசுகாவுக்குப் பிறகு, 2015ல், தடத்தில் ஆள் நின்றால் எல்லாக் காரும் குறித்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். எங்கள் மலையில் அதெல்லாம் ஏது? தழையும் துண்டும்தான்.

இப்போது இருக்கிற பையன் புதுசு. போன வாரம் மூடுபனியில் மேலே நின்றுகொண்டு கத்துகிறான்:

"ண்ணா, ஒரு வண்டியும் வரலீங்ண்ணா, கீழ வரட்டுமா?"

"நில்லு தம்பி. பெல்ட்டை நான் பாத்துக்கறேன்."