மடுவின் ஆடித் திருவிழாவும் எங்கள் பிள்ளைகளும்

மன்னார் மடு மாதா கோயிலில் ஆவணி 15 (ஓகஸ்ட் 15) திருவிழாவுக்குத்தான் சனம் கூட. ஆனாலும் என் மனம் ஒட்டுவது ஆடி 2 (யூலை 2) திருவிழாவில். வயதான காலத்தில் கருவுற்றிருந்த எலிசபெத்தைப் பார்க்க மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து போனதைக் கொண்டாடும் நாள் அது. 1969இல் திருச்சபை நாட்காட்டியைத் திருத்தியபோது இந்த விழா மே 31க்குப் போய்விட்டது. மடு பழைய திகதியை விடவில்லை. 1924இல் மடு அன்னைக்கு முடி சூட்டியதும் ஆடி 2இல்தான்.

இந்த முறை எங்கள் பாடசாலைப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் போனேன். சைவப் பிள்ளைகள் சிலரும் தாய்மாரோடு பஸ்ஸில் ஏறினார்கள். வன்னியில் அதை யாரும் புதினமாகப் பார்ப்பதில்லை.

முதல்நாள் பின்னேரமே போய் மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டினோம். சோளகக் காற்றில் புழுதி பறந்தது. ஒரு தாய் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்ட, பெரிய வகுப்புப் பெடியன்கள் தண்ணீர் சுமந்து வந்தார்கள். வீட்டில் ஒரு கோப்பை கழுவாத பிள்ளைகள், பக்கத்துக் கூடாரத்து அம்மம்மாவுக்கும் ஒரு வாளி கொண்டுபோய் வைத்தார்கள்.

செபமாலை முடிந்து சாப்பிடும்போது ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டான்: “ரீச்சர், எலிசபெத்தம்மா வீட்டில மாதா மூண்டு மாசம் என்ன செய்தவா?”

நான் வாய் திறக்கமுதல் அந்த அம்மம்மா சொன்னா: “தண்ணி அள்ளியிருப்பா, சோறு காய்ச்சியிருப்பா. பிள்ளைத்தாச்சி வீட்டில வேற என்ன வேலை, ராசா?”

லூக்கா நற்செய்தியில் அந்த விபரம் இல்லை. மூன்று மாதமளவு தங்கினார் என்பதோடு சரி. ஆனால் அந்த அம்மம்மா சொன்னதைவிடச் சிறந்த மறைக்கல்விப் பாடம் என்னிடம் இல்லை. ‘தாழ்நிலையில் இருப்போரை உயர்த்துகிறார்’ என்ற மரியாளின் பாடலும் அந்த வீட்டில் பிறந்ததுதானே.

தேடிப்போய்க் கூட இருந்த மரியாளின் அந்தக் கதை மடுவுக்கும் பொருந்துகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சொரூபத்தைக் காவிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்ததாகச் சொல்வார்கள். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான சனம் இங்கே தஞ்சம் இருந்தது. 1999 கார்த்திகையில் அப்படித் தஞ்சம் இருந்தவர்கள்மேலேயே செல் விழுந்தது. 2008 சித்திரையில் சொரூபமும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. எங்கள் பெற்றோர் பலருக்கு மாதா, தங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்த ஒரு தாய். பிள்ளைகளுக்கு இது தெரியவேண்டும். பாடப்புத்தகத்தைவிட, தறப்பாளுக்குக் கீழே இருந்து அப்பாவோ அம்மாவோ சொன்னால் அது மனதில் நிற்கும். அன்றிரவு சொன்னார்கள், பிள்ளைகளும் நித்திரை கொள்ளாமல் கேட்டார்கள்.

காலையில் திருப்பலி, அப்புறம் சொரூப பவனி, ஆசீர். தமிழிலும் சிங்களத்திலும் செபம் கேட்டது. கூட்டத்தில் ஆளையாள் தெரியாதவர்கள், நடக்க முடியாத ஒரு ஐயாவைக் கதிரையோடு தூக்கி முன்னுக்கு விட்டார்கள்.

திரும்பி வந்த கிழமை, தாய்க்குச் சுகமில்லை என்று பள்ளிக்கு வராமல் இருந்த ஒரு மாணவியின் பேச்சு வகுப்பில் வந்தது. நாலு பிள்ளைகள் கொப்பிகளோடு அவள் வீட்டுக்குப் போனார்கள். போனவர்கள் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கிணற்றில் தண்ணீரும் அள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.