மூன்று ராஜாக்களுக்கு அம்மா பட்ட கடன்

தம்பிக்கு மூன்று மாதம் ஆகியிருந்தபோது வலிப்பு வந்தது. ஜனவரி முதல் வாரம். ஊர்க் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் இன்னும் கலைக்கவில்லை. டாக்டர் கையை விரித்த அன்று ராத்திரி அம்மா நேராகக் கோயிலுக்குப் போய், குடிலில் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நின்ற, பாலன் இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் காலையும் பிடித்துக்கொண்டு, "இவனப் பிழைக்க வச்சிருங்க, உங்க இடத்துக்கே வந்து கும்பிடுதேன்" என்று நேர்ந்துகொண்டாள். அவர்கள் இடம் எது என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளை தேறின பிறகு பங்குச் சாமியார்தான் சொல்லியிருக்கிறார், அவர்கள் எலும்புகள் ஜெர்மனியில் கொலோன் என்ற ஊர்ப் பேராலயத்தில் ஒரு பேழைக்குள் இருக்கின்றன என்று. அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூத்துக்குடியிலிருந்து வேளாங்கண்ணி போகவே சீட்டுப் பணம் எடுத்துத்தான் போக வேண்டிய வீடு எங்களுடையது.

தம்பிக்கு இப்போது 32 வயது. அவனுக்கு வேலை கிடைத்த ஊர் டார்ட்மண்ட். அங்கிருந்து கொலோனுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். "கடனை வசூல் பண்ண அவங்களே ஆள் அனுப்பிட்டாங்க, பாத்தியா?" என்றாள் அம்மா. அதற்கு மேல் மறுப்பு சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

பெட்டியில் என்ன கொண்டுவந்தாள் என்பது டார்ட்மண்டில் திறந்தபோதுதான் தெரிந்தது. அரை கிராம் பொன், ஒரு பொட்டலம் சாம்பிராணி, நாட்டு மருந்துக் கடையில் வாங்கின வெள்ளைப்போளம். ராஜாக்கள் பாலனுக்குக் கொண்டுபோன அதே மூன்று காணிக்கை. மூன்றும் தனித்தனியாகக் கைக்குட்டையில் முடிந்திருந்தன. விமான நிலையச் சோதனையில் அந்தப் பொட்டலங்களைப் பிரித்திருந்தால் என்ன சொல்லியிருப்போமோ! ராஜாக்கள் காப்பாற்றினார்கள்.

செப்டம்பர் கடைசி வாரமாகப் பார்த்துப் போனோம். பேராலயத்தின் நேர்ந்தளிப்பு நாளையொட்டி அப்போது யாத்திரை நடக்கும். சாதாரண நாட்களில் பேழையை எட்ட நின்று பார்ப்பதுதான். இந்த யாத்திரையில் அதற்கு அடியிலேயே நடந்து போகலாம். நம்மூர்த் திருவிழாவில் சப்பரத்துக்கு அடியில் குனிந்து போவோமே, அதே மாதிரி.

ரயில் 50 நிமிடம் தாமதம். அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. ஆனால் கொலோன் நிலையத்தை விட்டு வெளியே வந்து தலையைத் தூக்கினால், அவ்வளவுதான். எதிரிலேயே கோயில். கரியும் சாம்பலுமாக, மழையில் நனைந்த மலை மாதிரி. கோபுரம் 157 மீட்டர். 1248இல் கல் வைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் பணம் இல்லாமல் பாதியில் நின்றது. முடியாத கோபுரத்தின் மேல் ஒரு மரப் பாரந்தூக்கி மட்டும் முந்நூறு வருஷத்துக்கும் மேல் நின்றுகொண்டே இருந்ததாம். மறுபடி 1842இல் தொடங்கி 1880இல் முடித்தார்கள். முடித்தார்கள் என்று சொல்லக் கூடாது, இப்போதும் ஒரு பக்கம் சாரம் கட்டியிருக்கிறது. கோயில் வேலை முடிந்தால் உலகமும் முடிந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். "நேர்ச்சைன்னா அப்படித்தான், இழுக்கும்" என்றாள் அம்மா. அவளுடையதும் 32 வருஷம் இழுத்ததுதானே.

வாசலில் நடக்கிற கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உடம்பெல்லாம் வெள்ளிச் சாயம் பூசிச் சிலையாக நிற்பவர்கள், தரையில் நாட்டுக் கொடிகளைச் சுண்ணக்கட்டியால் வரைந்து ஒவ்வொரு கொடியிலும் காசு கேட்பவர்கள். நாங்கள் கொஞ்சம் அசந்த நேரத்தில் ஒரு பெண் அட்டையை நீட்டி ஏதோ கையெழுத்து கேட்டிருக்கிறாள். கோயில் காரியம் என்று நினைத்து அம்மா அழகாகத் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். உடனே அந்தப் பெண் 20 யூரோ கேட்டுப் பின்னாலேயே வந்தாள். தம்பி சுத்தத் தூத்துக்குடித் தமிழில் ஒரு சத்தம் போட்டான். ஜெர்மன் மொழியில் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வேகமாகப் போயிருக்க மாட்டாள். கோயில் வாசல் என்றால் எந்த நாட்டிலும் இந்தத் தொல்லை உண்டு போல.

உள்ளே பூசை நடந்துகொண்டிருந்ததால் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். சிவப்பு அங்கி போட்ட காவலர் ஒருவர் கையை நீட்டி நிறுத்தினார். எங்களுக்கு முன்னால் நின்ற கூட்டம் போன்களைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலிருந்து செபமாலையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். அவர் கயிற்றைத் தூக்கிவிட்டார்.

நற்கருணை வாங்கிய பிறகு இடப்பக்கம் கேரோ சிலுவையைப் பார்த்தோம். ஆளுயர மரச்சிற்பம், 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்தக் கோயிலுக்குக் கல் வைப்பதற்கு முன்னாலேயே, இங்கிருந்த பழைய கோயில் காலத்திலிருந்து இருப்பது. தலை சாய்ந்து, கண் மூடி, வயிறு தொங்கி, உயிர் போன உடம்பு. நான் பேசாமல் நகர்ந்துவிட்டேன். பிரசவ ஆஸ்பத்திரியிலும் சாவு வீட்டிலும் நின்றவர்களுக்குத்தான் அந்த வயிறு புரியும்.

அதைத் தாண்டினால் நகைமாதா. வெள்ளை உடை முழுக்க, நேர்ந்துகொண்டவர்கள் கொடுத்த சங்கிலியும் மோதிரமும் பதக்கமும். அம்மா முகம் அப்போதுதான் மலர்ந்தது. "நம்ம மாதா!" என்று சத்தமாகவே சொன்னாள். பொன் முடிச்சை அவிழ்த்து, யாரிடமும் கேட்காமல், மெழுகுதிரிக் காசு போடும் பெட்டியில் போட்டுவிட்டாள். அங்கே அப்படிப் போடலாமா கூடாதா, எனக்குத் தெரியாது. மாதாவுக்குத் தெரியும்.

பிறகு வரிசை. நம்மூர் மாதிரித் தள்ளுமுள்ளு இல்லை. ஆனால் மெதுவாக நகரும் வரிசைதான் முழங்காலைக் கொல்லும். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வலி. கோபுரத்துக்கு 533 படி என்ற பலகையைக் காட்டித் தம்பி கேலி செய்தபோதே அவனை முறைத்தவள். வரிசையில் நேரம் போக அவன் கதை சொன்னான். இந்த எலும்புகள் மிலான் நகரத்தில் இருந்தன. சக்கரவர்த்தி பார்பரோசா அந்த நகரத்தைப் பிடித்த பிறகு, 1164இல் கொலோன் பேராயர் ரைனால்டு அவற்றை இங்கே கொண்டுவந்தார்.

"அப்போ கொள்ளைப் பொருளா?" என்றேன் நான்.

"ராஜாக்களை யாருட்டீ கொள்ளையடிக்க முடியும்? அவங்க வரணும்னு நெனச்சாங்க, வந்தாங்க" என்றாள் அம்மா.

இயேசுவின் சீடர் தோமையார் இந்தியாவில் இந்த மூன்று பேரையும் சந்தித்து ஞானஸ்நானம் கொடுத்து ஆயர்களாக்கினார் என்று இடைக்காலத்துக் கதை ஒன்று உண்டு. அதை நான் எடுத்துச் சொன்னேன். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா, நம்ம ஆளுங்கதான்."

பேழை கண்ணில் பட்டதும் பேச்சு நின்றது. உயரத்தில், கண்ணாடிக்குள், பொன்னால் செய்த ஒரு சின்னக் கோயில். இரண்டு பெட்டிகள் கீழே, அவற்றின் மேல் ஒன்று. வெர்துன் ஊர் நிக்கோலாஸ் என்ற பொற்கொல்லர் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வேலை. முன்பக்கத்தில் மாதாவும் பாலனும், எதிரே காணிக்கையோடு மூன்று ராஜாக்கள். அவர்களுக்குப் பின்னால் கிரீடம் இல்லாமல் நான்காவதாக ஒருவர். "அது யாரு?" என்றாள் அம்மா. பொன் கொடுத்த ஒட்டோ என்ற ராஜா என்றான் தம்பி. டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதுகிற வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

எங்கள் முறை வந்தது. அம்மா நின்றுவிட்டாள். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கன்னியாஸ்திரிகள், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். நான் தோளைத் தொட்டேன். அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ முன்னால போலே."

கோயிலுக்கு வருஷத்தில் இரண்டு தரம், அதுவும் அம்மா போனில் நச்சரித்தால் போகிறவன் அவன். ஆறடி உயரம். ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்து பேழைக்கு அடியில் போனான். அம்மா அவன் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டே பின்னால் போனாள். மற்றக் கையில் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும். மூன்று மாதப் பிள்ளையைத் தொட்டிலில் தட்டிக்கொடுக்கிற மாதிரி அந்தக் கை அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. கஸ்பார் ராஜாவே, மெல்கியோர் ராஜாவே, பல்தசார் ராஜாவே, நன்றி, நன்றி, நன்றி. என் வாயில் வேறு ஒரு செபமும் வரவில்லை. வந்த வழி, ரயில், வரிசை, முட்டி வலி, எல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வெளியே வந்து பார்த்தால் தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் அரைக் கண்ணால்தான். குப்பர்காஸ்ஸே தெருவில் கறுப்பு மாதா கோயிலுக்குப் போனோம். நிறைய மெழுகுதிரிகள், அலுவலகப் பையோடு வந்து இரண்டு நிமிடம் முழந்தாளிட்டுப் போகிறவர்கள், கொலோனில் எனக்கு மனசு ஒட்டின இடம் அதுதான். ரைன் ஆற்றுப் பாலத்தில் காதலர்கள் மாட்டின பூட்டுகள் ஆயிரக்கணக்கில் தொங்கின. அதையும் நேர்ச்சைப் பூட்டு என்றே அம்மா நினைத்துக் கும்பிட்டாள். நாங்கள் திருத்தவில்லை.

சாம்பிராணியை அங்கே போட வழியில்லை. பேழைக்கு அடியில் கொண்டுபோய் எடுத்ததே போதும், ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு துளி கொடுக்கலாம் என்று அம்மா திரும்பவும் முடிந்துகொண்டாள்.

ராத்திரி டார்ட்மண்ட் வீட்டு வாசலில் தம்பி சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் நிலைக்கு மேலே பார்த்தாள். சுண்ணக்கட்டி எழுத்து, பாதி அழிந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் வருஷத்தின் எண்கள், நடுவில் சி, எம், பி, இடையிடையே சிலுவைக் குறி.

"இது என்னலே?"

"அதுவா... ஜனவரில கிரீடம் வச்ச பிள்ளைங்க வந்து பாடுனாங்கம்மா. தூக்கக் கலக்கத்துல அஞ்சு யூரோ போட்டேன். எழுதிட்டுப் போனாங்க. வீடு காலி பண்றப்போ அழிக்கணும்."

மூன்று ராஜாக்களின் பெயருக்கும் முதல் எழுத்தான அந்த மூன்றையும் அம்மா ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு எட்டாத நிலையை எட்டிப் பிடிக்க, வலிக்கிற முட்டியோடு, செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நின்றாள். தம்பி சாவியைப் பையில் போட்டுவிட்டு அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கினான்.