கொடுத்தாரா, நீட்டினாரா?

போன வாரம் ஒரு சிறுகதை மொழிபெயர்ப்பில் வசமாக மாட்டிக்கொண்டேன். கிழவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு சிகரெட் 'ஆஃபர்' செய்கிறார். யோசிக்காமல் "கொடுத்தார்" என்று எழுதிவிட்டேன். அடுத்த வரியிலேயே அவள் வேண்டாம் என்று தலையசைக்கிறாள். "கொடுத்த பிறகு எங்கிருந்து வேண்டாம்?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார் பிழை பார்த்தவர்.

நியாயம்தான். ஆஃபர் என்றாலே தள்ளுபடி என்று பழகிப்போன காது எனக்கு. அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன்.

மூலம் லத்தீன்: 'ஆஃபெர்ரே'. 'ஆப்' என்றால் எதிரே, 'ஃபெர்ரே' என்றால் சுமந்து வருவது. ஒருவர் முன்னால் கொண்டுவந்து வைப்பது, அவ்வளவுதான். எடுப்பதும் விடுவதும் அவர் பாடு. பழைய ஆங்கிலத்துக்குள் இது கிறித்தவ வழிபாட்டோடு, 'ஆஃப்ரியன்' என்ற உருவில் நுழைந்தது. அப்போது பொருள், கடவுளுக்குப் பலியிடுவது, காணிக்கை செலுத்துவது. சக மனிதருக்கு நீட்டுவது என்பது பிற்பாடு பிரெஞ்சின் செல்வாக்கில் வலுத்தது.

அதே 'ஃபெர்'தான் டிரான்ஸ்ஃபரிலும் ரெஃபரிலும் இருக்கிறது. சஃபரிலும்கூட: அடியில் நின்று சுமப்பது! துன்பப்படுவதற்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. அப்புறம் ஒரு வேடிக்கை. 'ஃபெர்ரே'யின் இறந்தகால எச்ச வடிவம் 'லாட்டுஸ்'. 'டிரான்ஸ்லேட்' அதிலிருந்து வந்தது. எனக்குச் சோறு போடுகிற சொல்லின் உடன்பிறப்பிடமே சறுக்கியிருக்கிறேன்.

சட்டக்காரர்கள் இதில் கறார். ஆஃபர் மட்டும் ஒப்பந்தம் ஆகாது, எதிராளி ஏற்கவும் வேண்டும். இங்கிலாந்தில் 1892-இல் தீர்ப்பான, 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்ற மருந்து பற்றிய வழக்கு பிரபலம். எங்கள் மருந்தை முறைப்படி பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று விளம்பரம். ஒரு பெண்மணிக்கு வந்தது. சும்மா விளம்பரத்துக்குச் சொன்னது என்று கம்பெனி நழுவப் பார்த்தது. அவர் மருந்தைப் பயன்படுத்தியதே ஏற்பு என்றது நீதிமன்றம். பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

தமிழில் ஒரே சொல்லைத் தேடியதுதான் என் தப்பு. உதவி என்றால் 'செய்ய முன்வந்தார்' என்போம். லத்தீன்காரர் பொருளை முன்னால் கொண்டுவருகிறார், நம்மிடம் ஆளே முன்னால் வந்துவிடுகிறார். சிகரெட்டுக்கு அது சரிப்படாது. "நீட்டினார்" என்று திருத்தி அனுப்பினேன்.

பதில் வந்தது: "சரி. 47-ஆம் பக்கத்திலும் ஒரு ஆஃபர் இருக்கிறது, பாருங்கள்." பார்த்தேன். அங்கே ஒருவர் கருத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.