காசு யாரு கையில, கடுதாசி அவங்க கையில

மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட்ல யாராவது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறாங்கன்னா மொத கேள்வியே "எந்த ஏஜென்ட்டு?"தான். ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போனவங்க, சிங்கப்பூர் பேக்டரிக்குப் போனவங்க, முக்கால்வாசி பேரு யாரோ ஒரு ஏஜென்ட்டுக்குக் கட்டிட்டுத்தான் போயிருக்காங்க, அதனால நான் ஜெர்மனிக்கு போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சப்புறம் செய்யிற ஆராய்ச்சி) வேலைக்குப் போறேன்னதும் பக்கத்து வீட்டு மாமா "எவ்ளோ கட்டுன?"ன்னாரு, ஒண்ணும் கட்டல மாமான்னேன், அவரு நம்பவே இல்ல. இப்போ லீவுல வீட்டுக்கு வந்திருக்கேன். பிஎச்டி முடிக்கப் போற தம்பி தங்கச்சிங்க அதே கேள்விய வேற மாதிரி கேக்குறாங்க: "அக்கா, விசா ஸ்பான்சர் பண்ற போஸ்ட்டாக் எங்க தேடுறது?" ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை கட்டிக்கிச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

மாமா கேள்விய முடிச்சிடுவோம். போஸ்ட்டாக்குக்கு ஏஜென்ட்டே கிடையாது. லேப் நடத்துற புரொபசர் ஆள எடுக்கிறாரு, யுனிவர்சிட்டி எச்ஆர் காண்ட்ராக்ட் போடுது, அவ்ளோதான். "உங்கள தேர்ந்தெடுத்துட்டோம், புரோசசிங் ஃபீ அனுப்புங்க"ன்னு இன்டர்வியூவே வைக்காம ஈமெயில் வந்தா அது ஏமாத்து வேலை, யுனிவர்சிட்டி சின்னம் எவ்ளோ அழகா ஒட்டியிருந்தாலும் சரி.

இப்போ தேடுற விஷயம். "விசா ஸ்பான்சர்"னு டைப் பண்ணித் தேடினா உருப்படியா ஒண்ணும் வராது, ஏன்னா நல்ல விளம்பரங்கள்ல அந்த வார்த்தையே பாதி நேரம் இருக்காது. பெரிய ஆராய்ச்சி யுனிவர்சிட்டிக்கு வெளிநாட்டு ஆள எடுக்கிறது தினசரி நடக்கிற வேலை, அத ஒரு சலுகை மாதிரி விளம்பரத்துல எழுத மாட்டாங்க. நீங்க பாக்க வேண்டியது வேற: இந்தச் சம்பளம் யாரோட காசு? அது தெரிஞ்சா விசா கடுதாசிய யாரு போடுவா, எத்தன வருஷத்துக்குப் போடுவா, உங்களுக்குப் போட முடியுமா முடியாதா, எல்லாம் தெரிஞ்சிடும்.

அமெரிக்காவ எடுத்துக்குங்க. என்ஐஎச்னு அவங்க அரசாங்கத்தோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு குடுக்கிற காசுலயே ரெண்டு விதம் இருக்கு. டி32, எஃப்32ன்னு போட்டிருந்தா அது பயிற்சிக் காசு, அவங்க குடிமக்களுக்கும் பச்ச அட்டை (நிரந்தரமா தங்குற கிரீன் கார்டு) வச்சிருக்கவங்களுக்கும் மட்டும், நம்ம எவ்ளோ கெட்டிக்காரங்களா இருந்தாலும் தொட முடியாது. அதே புரொபசர் கையில ஆர்01ங்கிற ஆராய்ச்சி கிராண்ட் இருந்தா அதுல யார வேணாலும் எடுக்கலாம். விளம்பரம் ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், கீழ சின்ன எழுத்துல ஃபண்டிங் வரியில மட்டும்தான் வித்தியாசம். ஒரு தங்கச்சி டி32 இடத்துக்கா பாத்துப் பாத்து அப்ளை பண்ணிட்டு, தன்னோட சிவிதான் மோசம்னு நெனச்சு அழுதுக்கிட்டு இருந்துச்சு. சிவில ஒரு குறையும் இல்லம்மா, அது உனக்கு வச்ச காசே இல்ல.

விசாவுல அங்க ரெண்டு வழிதான் பேச்சுல வரும், ஜே-1 (எக்ஸ்சேஞ்ச் விசா), எச்-1பி (வேலை விசா). முன்னெல்லாம் யுனிவர்சிட்டிங்களுக்கு எச்-1பில வருஷ ஒதுக்கீட்டுக் கணக்கு கிடையாதுன்னு தைரியமா கேக்கலாம், ஆனா 2025 செப்டம்பர்ல வந்த உத்தரவுப்படி வெளிநாட்டுல இருக்கிற ஆளுக்குப் புதுசா எச்-1பி போட்டா வேலை குடுக்கிறவங்க 100,000 டாலர் கட்டணும்னு ஆயிடுச்சு, ஒரு போஸ்ட்டாக்குக்கு அத எந்த லேப் கட்டும் சொல்லுங்க. ஆக ஜே-1தான். யுனிவர்சிட்டியோட இன்டர்நேஷனல் ஆபீஸ் டிஎஸ்-2019ன்னு ஒரு கடுதாசி அனுப்பும், அத வச்சு 220 டாலர் செவிஸ்ங்கிற பதிவுக் கட்டணம், 185 டாலர் விசா கட்டணம் கட்டிட்டு கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்ல இருக்கிற அமெரிக்க எம்பசியில இன்டர்வியூக்குப் போகணும். ரிசர்ச் ஸ்காலர் பிரிவுல அதிகபட்சம் 5 வருஷம். இங்க ஒரு கொக்கி இருக்கு, நம்ம அரசாங்கமோ அமெரிக்க அரசாங்கமோ உங்க எக்ஸ்சேஞ்சுக்குன்னு காசு குடுத்தா, முடிஞ்சப்புறம் பொதுவா 2 வருஷம் சொந்த நாட்டுல இருந்தாத்தான் எச்-1பியோ பச்ச அட்டையோ வாங்க முடியும். இங்க லெக்சரரா இருந்துக்கிட்டே அரசாங்க உதவியில போஸ்ட்டாக் போறவங்க இத மொதல்லயே கேட்டு வச்சுக்குங்க, அப்புறம் அங்க போய் கல்யாணம் காட்சின்னு ஆனப்புறம் தெரிஞ்சா ரொம்பத் தலவலி.

ஐரோப்பாவுல இவ்ளோ குழப்பம் இல்ல, என் கருத்துல நம்ம ஆளுங்க அங்கதான் மொதல்ல பாக்கணும். 2016ல வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ஒண்ணு, ஆராய்ச்சியாளருக்குத் தனி விசா வழி வச்சிருக்கு, டென்மார்க்கும் அயர்லாந்தும் மட்டும் அதுல சேரல. அந்த வழியில முக்கியமான கடுதாசி ஹோஸ்டிங் அக்ரிமென்ட், அதாவது உங்கள ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிறோம்ங்கிற ஒப்பந்தம், அத நிறுவனமே எழுதிக் குடுக்கும். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, சுவீடன் எல்லாத்துலயும் பேரு மாறும், விஷயம் ஒண்ணுதான். யூராக்செஸ்னு ஐரோப்பிய ஆணையத்தோட வேலை தளம் இருக்கு, ஆசியானுக்குத் தனிப் பக்கமே வச்சிருக்காங்க, எல்லாம் சும்மா, காசு இல்ல. பிரிட்டனுக்கு ஜாப்ஸ்.ஏசி.யுகே. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, மலேசியா பாஸ்போர்ட்டுக்குத்தான் 90 நாள் விசா வேணாமேன்னு ஜெர்மனிக்கு ஏறிப் போய் அங்க மாத்திக்கலாம்னு நெனைக்காதீங்க, ஜப்பான்காரங்க கொரியாக்காரங்க அப்படிச் செய்யலாம், நம்ம செய்ய முடியாது, கோலாலம்பூர்லயே நீண்ட நாள் தங்குறதுக்கான தேசிய விசா வாங்கிட்டுத்தான் போகணும்.

பிரிட்டன்ல ஸ்கில்டு வொர்க்கர் விசான்னா யுனிவர்சிட்டி ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட் குடுக்கும். ஆனா புரொபசரோட கிராண்ட் அவங்க அங்கீகரிச்ச பட்டியல்ல உள்ள ஃபண்டர் குடுத்ததா இருந்தா குளோபல் டேலன்ட் விசாவுக்கு வழி இருக்கலாம், அது உங்க பேருல வர்ற விசா, லேப் மாறினாலும் பயப்பட வேணாம், அதனால எச்ஆர்ட்ட வாய் விட்டுக் கேளுங்க, கேக்காட்டி அவங்களா சொல்ல மாட்டாங்க. மலேசியாக்காரங்களுக்கு டிபி டெஸ்ட் உண்டு, சில துறைகளுக்கு அட்டாஸ்னு ஒரு பாதுகாப்பு அனுமதியும் வாங்கணும், அது வர்றதுக்கு வாரக்கணக்குல ஆகும்.

இனி ஃபெலோஷிப். இது நீங்களே கொண்டு போற காசு. ஐரோப்பிய ஒன்றியத்தோட மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்ல ஐரோப்பாவுக்குள்ள போறதுக்கு எந்த நாட்டுக்காரங்களும் போடலாம், பிஎச்டி முடிச்சு 8 வருஷத்துக்குள்ள இருக்கணும், போற நாட்டுல கடைசி 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. இங்கயே படிச்சு இங்கயே இருக்கிற நமக்கு அந்த விதி தானாவே சாதகம். ஆனா 2025ல 17,000க்கு மேல விண்ணப்பம் வந்துச்சு, அதனால அத மட்டும் நம்பி உக்காந்துராதீங்க. ஹம்போல்ட் ஃபெலோஷிப் ஜெர்மனிக்கு, பிஎச்டி முடிச்சு 4 வருஷத்துக்குள்ள. ஜப்பானோட ஜேஎஸ்பிஎஸ் ஃபெலோஷிப்புக்கு 6 வருஷம், அங்க விண்ணப்பமே அந்த ஊரு புரொபசர் மூலமாத்தான் போகும். ஆக எல்லாத்துலயும் மொதல்ல ஒரு புரொபசர் "சரி வா"ன்னு சொல்லணும். ஹம்போல்ட்ல வர்றது உதவித்தொகை, வேலை காண்ட்ராக்ட் இல்ல, மேரி கியூரின்னா காண்ட்ராக்டோட வரும், ஓய்வூதியக் கணக்கெல்லாம் அதுல மாறும்.

சிங்கப்பூரும் இருக்கு, கிட்டக்க, அம்மாவுக்கு நிம்மதி. எம்ப்ளாய்மென்ட் பாஸ்ங்கிற வேலை அனுமதிதான், 2025லேர்ந்து ஆரம்பச் சம்பளமே மாசம் 5,600 சிங்கப்பூர் டாலர் இருக்கணும், வயசு கூடக் கூட அதுவும் கூடும். போஸ்ட்டாக் சம்பளம் அத ஒட்டி வருதான்னு பாத்துக்கிட்டு போடுங்க.

அந்த "சரி வா"வ எப்படி வாங்குறது? இத நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

என் பிஎச்டி கானோடெர்மா மேல. செம்பனை (எண்ணெய்ப் பனை) மரத்தோட அடித்தண்ட அழுக வைக்கிற பூஞ்சணம், தோட்டத்துல வேலை செஞ்சவங்க எல்லாரும் பாத்திருப்பீங்க, மரத்தடியில பழுப்பு கலர்ல தட்டு தட்டா, ஓரத்துல வெள்ளை விளிம்போட வளந்து நிக்கும், அது வெளிய தெரியிறப்ப உள்ள பாதி தண்டு போயிருக்கும். லேப்ல இந்த நோய செம்பனைக் கன்னுக்கு வர வைக்கிறதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்னா, ரப்பர் கட்டைய சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஆவியில வேக வச்சு கிருமியெல்லாம் சாகடிச்சு, அதுல பூஞ்சணத்த வளர விடுவோம், வெள்ளையா பஞ்சு மாதிரி மூடினதும் செம்பனைக் கன்னோட வேரு அதத் தொடுற மாதிரி பாலிபேக்ல வச்சு நடுவோம், அப்புறம் மாசக்கணக்கா காத்திருக்கணும். எங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க, நான் அந்தக் கட்டைய வச்சு செம்பனைக்கு நோய் குடுக்கிறேன்னு சொன்னப்ப "இதுக்கா இத்தன வருஷம் படிச்ச"ன்னாங்க.

பிரச்சினை என்னன்னா ஜெர்மனியில ஏது செம்பனை? "ஆயில் பாம்"னு தேடினா வர்ற இடம் விரல் விட்டு எண்ணலாம், பிரான்ஸ் மோன்பெலியேல சிராட்ங்கிற விவசாய ஆராய்ச்சி நிலையம், அப்புறம் நம்ம பாங்கியில இருக்கிற செம்பனை வாரியம் எம்பிஓபியே. ஆனா ஐரோப்பாவுல ஸ்புரூஸ்ங்கிற ஊசியிலை மரக்காட்டயே வேரழுக வைக்கிற ஹெட்டெரோபாசிடியன்னு ஒரு பூஞ்சணம் இருக்கு, சுவீடன் உப்சாலாவுல விவசாய யுனிவர்சிட்டி அதுல பெரிய கை. அதுவும் மரத்தக் கெட்டியாக்குற லிக்னினத் தின்னுற பூஞ்சணம்தான், கட்டையில வளத்து கன்னுக்குக் குடுக்கிற வேலையும் அதேதான். மரந்தான் வேற. அதனால உங்க தலைப்ப வச்சுத் தேடாதீங்க, உங்க கைக்கு என்ன வேலை தெரியும்னு வச்சுத் தேடுங்க, இடம் பத்து மடங்கு கூடும்.

ஈமெயில் எழுதுறப்ப "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி ஹார்ட்வொர்க்கிங்"ன்னு ஆரம்பிச்சா அது குப்பைக்குத்தான். நாலு வரி போதும். அவங்களோட எந்தப் பேப்பர்ல எந்தச் சோதனை உங்களோடதோட ஒட்டுதுன்னு ஒரு வரி, உங்களால அங்க வந்த மொத மாசமே என்ன செஞ்சு காட்ட முடியும்னு ஒரு வரி, பிஎச்டி எப்போ முடியுது, எந்த ஃபெலோஷிப்புக்குத் தகுதி இருக்கு. கடைசி வரிதான் புரொபசர படிக்க வைக்கும், ஏன்னா காசு அவரு கையில இல்லாட்டியும் உங்க மூலமா வரும்னு தெரியுது. பதில் வராட்டி ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க, அதோட விட்டுருங்க.

இன்டர்வியூ முடியிறப்ப "எதாச்சும் கேள்வி இருக்கா?"ன்னு கேப்பாங்க பாருங்க, நம்ம பிள்ளைங்க மரியாதைக்கு "நோ நோ"ன்னு தலையாட்டிருவாங்க. அங்கதான் கேக்கணும்: இந்தக் காசு இப்பவே கையில இருக்கா இல்ல கிராண்ட் கிடைச்சாத்தானா, எத்தன மாசத்துக்கு இருக்கு, உங்க ஆபீஸ் எந்த விசாவுக்குக் கடுதாசி குடுக்கும், கட்டணத்த யாரு கட்டுவா. வெள்ளைக்காரங்க இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாங்க லா, கேக்காதவங்களப் பாத்தாத்தான் இவங்களுக்கு வர்ற எண்ணம் இருக்கான்னு யோசிப்பாங்க. ஒரு வருஷக் காண்ட்ராக்ட்டுன்னா விசாவும் ஒரு வருஷந்தான் வரும், "எக்ஸ்டென்ட் பண்ணலாம்"னு வாயால சொல்றத எந்த எம்பசியும் கணக்குல எடுக்காது.

பேரு சமாச்சாரம் தனி ரோதனை. நம்ம பாஸ்போர்ட்ல பேருக்கு ஒரே கட்டம்தான், நடுவுல ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) வேற. அமெரிக்க விசா படிவம் டிஎஸ்-160ல குடும்பப் பேரு தனியா கேக்கும், சாய்வுக்கோட்ட ஏத்துக்காது. உங்க பேப்பர்ல ஒரு பேரு, டிகிரியில ஒரு பேரு, ஆபர் லெட்டர்ல எச்ஆர் அப்பா பேர முன்னாடி போட்டு இன்னொரு பேருன்னு ஆயிடும். ஆபர் லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட் பக்கத்த ஸ்கேன் பண்ணி எச்ஆர்க்கு அனுப்பி, இதுல இருக்கிற எழுத்து மாறாம போடுங்கன்னு எழுதிருங்க. ஓர்சிட்னு ஆராய்ச்சியாளருக்கான அடையாள எண் ஒண்ணு எடுத்து எல்லாப் பேப்பரையும் அதுல கட்டி வைங்க.

கடைசியா கைக்காசு. ஏஜென்ட்டு இல்லன்னாலும் செலவு இருக்கு, அதுவும் மொத சம்பளத்துக்கு முன்னாடி. பிரிட்டன்ல அரசாங்க மருத்துவத்துக்குன்னு கட்டுற ஹெல்த் சர்சார்ஜ் மட்டும் வருஷத்துக்கு 1,035 பவுண்டு, 3 வருஷ விசான்னா மொத்தத்தையும் ஒரே தடவையில கட்டணும், நம்ம காசுக்கு 15,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல, கல்யாணம் ஆனவங்கன்னா ரெண்டு பங்கு. சில யுனிவர்சிட்டி திருப்பிக் குடுக்கும், சிலது கடனா குடுக்கும், ஆனா பெரும்பாலும் குடுக்கிறது நீங்க அங்க போனப்புறந்தான். எங்க வீட்டுல அம்மா பிடிச்ச கூட்டு (சீட்டு)ப் பணமும் அண்ணன் போனஸும் சேத்துத்தான் டிக்கெட்டு, ஜெர்மனி வீட்டு டெபாசிட்டு எல்லாம். அதனால ஆபர் வந்த அன்னிக்கே எச்ஆர்ட்ட "ரீலொகேஷன் காசு முன்கூட்டியே கிடைக்குமா"ன்னு ஈமெயில் போடுங்க. கிடைக்காதுன்னு சொன்னா வீட்டுல அப்பவே சொல்லிருங்க, அவங்களுக்கும் பொரட்டுறதுக்கு ரெண்டு மூணு மாசம் வேணும்.